சனி தெரிந்தது

“எது மாதிரி மிதக்கறான்?” என்று வேம்பு தொலைபேசியில் கேட்டார்.

“மிதக்கறான்” என்றான் சாய்நாத்.

“அதான், எது மாதிரி?”

“எது மாதிரியும் இல்லை. மிதக்கறான்.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

வேம்பு மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் பதிப்பகம் நடத்துகிறார். சாய்நாத்தின் முதல் நாவல் அவர் மேஜையில் இருந்தது. பெயர் ‘கலம்’. இளம் வாசகர்களுக்கான அறிவியல் கதை. சனிக் கிரகத்தைத் தாண்டிப் போகும் ஒரு விண்கலம். அதிலேயே பிறந்து வளர்ந்த யாழி என்ற சிறுமி. அவளுக்கு, கலத்துக்குள் மிதக்கும் ஒரு தம்பி. அதிகம் பேசாத அப்பா. ஜனவரி புத்தகக் காட்சிக்கு நாவல் வந்துவிட வேண்டும். வராவிட்டால் இனி வராது. சாய்நாத்தின் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் வேம்புவின் பரணில் கட்டுக்கட்டாக இருந்தன. மூன்றாவதற்குப் பரணில் இடமில்லை என்று வேம்பு முன்பே சொல்லியிருந்தார்.

“ரீடர் ஓகே சொல்லலை, ஓய்” என்றார் வேம்பு.

“எந்த ரீடர்?”

“குழந்தைகள் புத்தகம் எதுவானாலும் எங்க ரீடருக்குப் போகும். எழுதினவர் பேரை மறைச்சுத்தான் அனுப்புவோம். அவர் சரின்னு சொல்லாம அச்சுக்குப் போகாது. உம்ம நாவல்ல ஒரு உவமைகூட இல்லையாம். நாற்பதாம் பக்கம் பாரும். ‘சனி தெரிந்தது. பெரிதாக இருந்தது.’ இவ்வளவுதான் இருக்கு. ஒரு குழந்தை முதல் தடவையா சனியைக் கிட்டக்கப் பாக்கறது. ராசிபலன்லகூட இதைவிட விவரமாப் போடுவான்னு ரீடர் சொல்றார்.”

“யார் அந்த ரீடர்?”

“சொல்ல மாட்டேன். சொன்னா நீர் அவர் ஆத்து வாசல்ல போய் நிப்பீர். இதுக்கு முன்னாடி ஒரு எழுத்தாளர் நின்னிருக்கார். போலீஸ் வந்தது.”

சாய்நாத் தொலைபேசியை வைத்தான். அவன் இலக்கியம் படித்தவன். உவமை எழுதுவதில்லை என்று முடிவெடுத்தவன். ‘உவமை என்னும் ஊன்றுகோல்’ என்று ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறான். தலைப்பே ஓர் உருவகம்தானே என்று அவன் மனைவி ஹம்சினி அப்போது கேட்டாள். அவன் தலைப்பை ‘உவமை’ என்று சுருக்கினான்.

ஹம்சினி சாப்பாட்டு மேஜையில் தட்டு வைத்தாள்.

“வேம்பு சார் என்ன சொன்னார்?”

“உவமை வேணுமாம்.”

“நாலு வெச்சுக் குடுங்கோளேன்.”

“ஒரு பொருள் அந்தப் பொருளாத்தான் இருக்கு. இன்னொண்ணா இல்லை.”

அவள் ரசம் ஊற்றினாள். அவன் சாப்பிட்டான்.

“ரசம் எப்படி இருக்கு?”

“ரசமா இருக்கு.”

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

வேறு வழியில்லை. சாய்நாத் உவமை வைத்தான். படித்தவற்றிலிருந்து எடுத்தான். தம்பி கொல்லன் துருத்தியைப் போல மூச்சு வாங்கினான். விண்கலம் கிணற்று ஏற்றத்தைப் போலத் தாழ்ந்து எழுந்தது. சனியின் வளையம் செக்குமாடு நடந்த தடத்தைப் போல இருந்தது. அனுப்பினான்.

“ஏற்றம்னா என்னன்னு பசங்க கேப்பா” என்றார் வேம்பு. “துருத்தின்னா என்னன்னு கேப்பா. செக்குன்னா என்னன்னு கேப்பா. உம்ம விண்கலம் சனிக்குப் போறதா, சோழ நாட்டுக்குப் போறதான்னு ரீடர் கேக்கறார்.”

“அவருக்கு என்ன வயசு?”

“கேக்கப்படாது.”

“பேராசிரியரா?”

“ஓய், எழுதற வேலையைப் பாரும்.”

பேராசிரியர் என்றதும் சாய்நாத்துக்குச் சங்கரன் நினைவு வந்தது. ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். இப்போது குழந்தைகளுக்குக் கதைப் பட்டறை நடத்துகிறார். சாய்நாத்தின் இரண்டாம் தொகுப்புக்கு அவர்தான் மதிப்புரை எழுதினார். ஒரே வரி. ‘தந்தி சேவையை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.’

அந்த வரி மனப்பாடமாகிவிட்டது. இந்த ரீடரின் வாயும் அதே வாயாகத் தெரிந்தது.

சாய்நாத் தியாகராய நகருக்குப் போனான். கைபேசிக் கடை வாசலில் ஒரு மாலை முழுக்க நின்றான். பையன்கள் பேசுவதைக் கேட்டான். வீட்டுக்கு வந்து எழுதினான். சனி, வீடியோ லோடு ஆகாமல் சுற்றும் வட்டத்தைப் போல இருந்தது. தம்பி, பாண்டி பஜார் கடை வாசலில் ஆடும் காற்றடைத்த பொம்மையைப் போல மிதந்தான். யாழியின் பயம், இரண்டு சதவீத சார்ஜைப் போல இருந்தது.

இதை அனுப்பிய அன்று அவன் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

“படிச்சுட்டார்” என்றார் வேம்பு.

“என்ன சொன்னார்?”

“வேண்டாம், விடும்.”

“சொல்லுங்கோ.”

“தாத்தா ஜீன்ஸ் போட்டுண்டு காலேஜ் வாசல்ல நிக்கற மாதிரி இருக்காம்.”

சாய்நாத் சுவரைப் பார்த்தான். நாவலில் இருந்த எல்லா உவமைகளையும்விட அது நன்றாக இருந்தது.

“இன்னொண்ணும் கேட்டார். யாழி விண்கலத்துலயே பொறந்தவ. பூமியையே பாக்காதவ. அவளுக்குப் பாண்டி பஜார் எப்படித் தெரியும்?”

அது சரியான கேள்வி. சரியாக இருந்ததுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

“அப்புறம் அறுபதாம் பக்கம். ‘யாழி விண்வெளி உடையைப் போட்டுக்கொண்டாள். உடை சரியாக இருந்தது.’ ஒரு பொண்ணு முதல் தடவையா புது உடுப்பு போட்டுண்டு வந்து நிக்கறா. அந்தக் கப்பல்ல கண்ணு இருக்கறவா யாருமே இல்லையான்னு கேக்கச் சொன்னார்.”

மறுநாள் வடபழனியில் ஒரு கல்யாணம். ஹம்சினி கூடத்துக்கு வந்து நின்றாள். அரக்குப் பட்டு. புதிது. சாய்நாத் தாளிலிருந்து தலையைத் தூக்கினான். தலையைத் தூக்கியவன் பார்வையை எடுக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

“என்ன அப்படிப் பாக்கறேள்?”

“அசையாதே.”

அவள் அசையவில்லை. முகம் லேசாகச் சிவந்தது.

“கனமான துணி இடுப்புல எப்படி மடியறதுன்னு பாக்கறேன். விண்வெளி உடைக்கு வேணும்.”

“ஆட்டோ வந்துடுத்து” என்றாள் ஹம்சினி.

கல்யாணத்தில் அவள் வேறு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

*

யாழிக்குப் பூமி தெரியாது. அப்படியானால் அவள் கலத்தில் இருப்பவற்றோடுதான் எதையும் ஒப்பிட முடியும். சாய்நாத் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினான். ‘சனி, இரண்டாம் தளத்துக் காற்றுவடிகட்டியின் மூடியைப் போல இருந்தது.’

அந்த மூடி எப்படி இருக்கும் என்று வாசகனுக்குத் தெரியாது. அடிக்குறிப்பு போட்டான். ‘காற்றுவடிகட்டி மூடி: நடுவில் உருண்டையும் சுற்றிலும் வளையமும் உடையது. பார்ப்பதற்குச் சனிக் கிரகத்தைப் போல இருக்கும்.’

எழுதிய பிறகு அதைப் படித்துப் பார்த்தான். பேனாவை மூடி வைத்தான். பிறகு திறந்து அடுத்த அடிக்குறிப்புக்குப் போனான். அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது.

அந்த வாரம் ஹம்சினியும் மேஜையின் மறுபக்கத்தில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். எதிரில் தாள்கள். அவள் கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. பரீட்சைத் தாள் திருத்துகிறாள் என்று அவன் நினைத்தான். அவ்வப்போது அவள் பேனா வேகமாகக் கோடு இழுத்தது. யாரோ மோசமாக எழுதியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அவன் கேட்கவில்லை.

வேம்பு இந்த முறை காலையிலேயே கூப்பிட்டார்.

“ஓய், என்ன பண்ணி வெச்சிருக்கீர்? பக்கத்துல பாதி அடிக்குறிப்பு.”

“ரீடர் கேட்டது அதுதானே?”

“ரீடர் இருக்கட்டும். அட்டை அச்சாயிடுத்து. முதல்ல நீர் குடுத்த பக்கத்துக்கு முதுகு அகலம் கணக்குப் பண்ணியாச்சு. இப்ப புத்தகம் பெருத்துப் போச்சு. இந்த அட்டை மூடாது. பைண்டிங்காரன் சிரிக்கறான்.”

“ரீடர் என்ன சொன்னார்?”

“அடிக்குறிப்பு வரைக்கும் போகவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.”

“என்ன?”

“‘சனியை விடுங்கோ. இந்த ஆளுக்கு எதைப் பார்த்தாலும் எதுவுமே தோணாதா?’”

சாய்நாத் கையிலிருந்த பேனாவை மூடினான்.

“திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும்” என்றார் வேம்பு. “ஒண்ணே ஒண்ணு. ஒரு நல்ல உவமை. பாக்கி எல்லாத்தையும் எடுத்துடும். அந்த ஒண்ணு இருந்தா நான் ரீடர்கிட்ட பேசிப் பாக்கறேன். இல்லைன்னா என்னை மன்னிச்சுடும்.”

*

ஒரு உவமை. சாய்நாத் இரண்டு நாள் யோசித்தான். எதைப் பார்த்தாலும் அது அதுவாகவே இருந்தது. மின்விசிறி மின்விசிறியாக இருந்தது. குடம் குடமாக இருந்தது. ரீடர் கேட்டது உண்மைதானோ என்று பயம் வந்தது.

வீட்டில் குழந்தைகள் இல்லை. அவன் சனியின் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு லஸ் பக்கத்துப் பூங்காவுக்குப் போனான். சறுக்குமரத்தின் அருகே நின்றான். ஒரு பையனைக் கூப்பிட்டான்.

“தம்பி, இது எது மாதிரி இருக்கு?”

பையன் படத்தைக் கவனமாகப் பார்த்தான்.

“சனி மாதிரி இருக்கு அங்கிள்.”

சாய்நாத்துக்குக் கண் கலங்கியது. அவன் பையனின் தோளில் கை வைத்தான். அது தவறாகப் போயிற்று.

“யாரு நீங்க?” என்று ஒரு பெண் ஓடி வந்தாள். “என் பையன்கிட்ட என்ன கேட்டீங்க?”

“சனி எப்படி இருக்குன்னு கேட்டேன்.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா குழந்தையைப் பிடிச்சு வெச்சு சனியா?”

கூட்டம் சேர்ந்தது. பூங்காவின் காவலாளி நாகராஜ் கம்போடு வந்தார். சட்டையில் அவர் பெயர் தைத்திருந்தது.

“இன்னா சார் பண்ணிகினு கீற இங்க?”

“நான் எழுத்தாளர்.”

“அத்த அப்பால பாக்கலாம். கொழந்தைங்க ஆடுற எடத்துல உனுக்கு இன்னா வேலை?”

“விண்வெளியில மிதந்தா எப்படி இருக்கும்னு இவங்களைக் கேட்கலாம்னு…”

“பாத்தியா, பாத்தியா” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “மிதக்க வெக்கிறேன்னு சொல்லித்தான் கூட்டினு போவானுங்க.”

கூட்டத்தின் ஓரத்தில் தொப்பியும் நடைப்பயிற்சிக் காலணியும் அணிந்த ஒருவர் நின்றிருந்தார். சாய்நாத் அவரைப் பார்த்தான். சங்கரன். பேராசிரியர் சங்கரன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். அவனைத் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளவில்லை.

“வூட்டுக்கு போன் போடு” என்றார் நாகராஜ். “யார்னா வந்து ஆளு நல்ல ஆளுன்னு சொன்னா வுட்டுர்றேன். இல்லாங்காட்டி டேசன்.”

ஹம்சினி பள்ளியிலிருந்து நேராக வந்தாள். கையில் சிவப்புப் பேனா இருந்தது. அவளைப் பார்த்ததும் நாகராஜ் கம்பைக் கீழே இறக்கினார்.

“இவரு உன் வூட்டுக்காரராம்மா?”

“ஆமாம்.”

“ஆளு எப்டிம்மா?”

ஹம்சினி சாய்நாத்தைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

“குத்துவிளக்குக்குப் பக்கத்துல வெச்ச தீப்பெட்டி மாதிரி” என்றாள். “ஊரே இருட்டா இருந்தாலும் தானா ஒண்ணும் பண்ண மாட்டார்.”

நாகராஜ் சிரித்துவிட்டார். பையனின் அம்மாகூடச் சிரித்தாள். சங்கரனும் சிரித்தார். கூட்டம் கலைந்தது.

வெளியே வந்து இருவரும் நடந்தார்கள்.

“பசங்களைக் கேக்கணும்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றாள் ஹம்சினி. “என் கிளாஸ்ல நாப்பது பேர் இருக்கா. எல்லாம் உங்க யாழி வயசுதான்.”

“நீ எந்த கிளாஸ் எடுக்கறே?”

அவள் நின்றாள். அவனைப் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

“எட்டாவது. ஏழு வருஷமா.”

“ஓ” என்றான் சாய்நாத். அவன் மனம் தீப்பெட்டியில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்தான். நாவலில் இருந்த எல்லா உவமைகளையும் அடித்தான். எல்லா அடிக்குறிப்புகளையும் அடித்தான். பிறகு அப்பா வரும் இடத்தில் ஒரு வரி சேர்த்தான். ‘அப்பா, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்த தீப்பெட்டியைப் போல உட்கார்ந்திருந்தார்.’ விண்கலத்தில் குத்துவிளக்கு ஏது என்று ஒரு கணம் தோன்றியது. பூஜை அறையில் ஒன்று இருந்ததாக முந்தின அத்தியாயத்தில் எழுதினான்.

பல வாரங்களுக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது.

“சாப்பாடு போடட்டுமா?” என்றாள் ஹம்சினி.

“போடு.”

“சந்தோஷமா இருக்கேளே. என்ன எழுதினேள்?”

“ஒரு உவமை.”

“எதைப் பத்தி?”

“அப்பா கதாபாத்திரம். உனக்குச் சொன்னாப் புரியாது. புத்தகம் வரட்டும்.”

*

ஞாயிற்றுக்கிழமை வேம்பு கூப்பிட்டார்.

“முழுக்கப் படிச்சுட்டார். ஒண்ணே ஒண்ணு நன்னா இருக்காம். தீப்பெட்டி.”

சாய்நாத் கண்ணை மூடிக்கொண்டான். “அப்போ அச்சுக்குப் போறதா?”

“போகலை.”

“ஏன்?”

“அது உம்ம சரக்கு இல்லையாம்.”

சாய்நாத் கண்ணைத் திறந்தான்.

“எங்கேயோ காதுல விழுந்ததை அப்படியே எழுதியிருக்கீராம். இரவல் நகையைப் போட்டுண்டு தாலி கட்டிக்க வராதேயும்னு சொல்லச் சொன்னார்.”

“அவருக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கென்ன தெரியும்? நிஜமா இல்லையா, அதைச் சொல்லும்.”

சாய்நாத் மேஜையில் இருந்த கைப்பிரதியை மூடினான்.

“அவ்வளவுதான், ஓய். நாளைக்கு அச்சு இடம் வேற புத்தகத்துக்குப் போறது. சமையல் புத்தகம். அட்டை மூடற சைஸ்.”

வேம்பு தொலைபேசியை வைத்துவிட்டார்.

சாய்நாத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தீப்பெட்டியைக் கேட்டவர்கள் சிலர்தான். காவலாளி. பையனின் அம்மா. வேடிக்கை பார்த்தவர்கள். அவர்களில் இலக்கியம் தெரிந்தவர் ஒருவர்தான். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றவர். ராசிபலனும் ஜீன்ஸும் இரவல் நகையும் தந்தி சேவையும் ஒரே வாயிலிருந்து வந்தவை.

திங்கட்கிழமை காலை அவன் பதிப்பகத்தின் மாடிப்படி ஏறினான். நாவலைத் திருப்பி வாங்கிக்கொண்டு இனி எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டு வரும் எண்ணம் இருந்தது. அதற்கு முன் ஒரு முறை, ஒரே ஒரு முறை, அந்த மனிதரின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

வேம்பு இல்லை. அச்சகத்துக்குப் போயிருந்தார். பக்கம் வடிவமைக்கும் பெண் நிஷா கணினியின் முன்னால் இருந்தாள். காதில் இருந்த இயர்போனை எடுத்தாள். திரையில் ஒரு வெண்டைக்காய்ப் படம் இருந்தது.

“வாங்க சார். குந்துங்க.”

“சங்கரன் சார் வீட்டு அட்ரஸ் வேணும்.”

“எந்த சங்கரன்?”

“உங்க ரீடர். எனக்கு எல்லாம் தெரியும். பார்க்ல நின்னு கேட்டுட்டு வந்து என் மேல திருட்டுப் பட்டம் கட்டியிருக்கார். என் வாழ்க்கையில ஒரே ஒரு நாவல். அதை சமையல் புத்தகத்துக்குத் தூக்கிக் குடுத்தாச்சு. அவர் வாசல்ல நின்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும். நான் அவருக்கு என்ன பண்ணினேன்?”

நிஷா சிரிக்கவில்லை. வெண்டைக்காயை நகர்த்தி வைத்துவிட்டு அவன் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

“சங்கரன் சாரா? அவருக்கும் இதுக்கும் இன்னா சார் சம்மந்தம்? ரீடரு வாய்ஸ் மெசேஜ் போடுவாங்க, நான்தான் கேட்டு டைப் அடிச்சு வேம்பு சாருக்குக் குடுப்பேன். உங்க பேரை மறைச்சுத்தான் அனுப்பினோம். மொத வரியிலயே எழுதினது யாருன்னு கண்டுபுடிச்சிட்டாங்க.”

“யாரு? அட்ரஸ் என்ன?”

“அட்ரஸ் உங்ககிட்டயே கீது சார். உங்க வூட்டு டீச்சரம்மாதான் ரீடரு. ‘கல்யாணம் ஆயி பதினாறு வருசம், என்னை எது மாதிரின்னும் ஒரு வாட்டிகூட சொன்னதில்ல, சனியையாவது சொல்றாரான்னு பாப்போம்’னாங்க.”